இரண்டிலும் பாதி

லூர்து,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் ஒரு வேலையும் ஒழுங்காக நடக்கவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன். எதற்காக வந்தேன் என்று தெரியாமல் உள்ளே திரும்பினால் பால் பொங்கி அடுப்பு அணைந்து கிடக்கிறது. கலெக்டர் ஆபீசுக்கு வேலைக்குக் கிளம்பும்போது உன் தங்கை ஸ்டெல்லா, "அம்மா, நீங்க ஒரு எடத்துல உக்காருங்க, உங்களப் பாத்தா எனக்கே படபடன்னு வருது" என்று சொல்லிவிட்டுப் போனாள். பயப்படாதே, உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ அனுப்பிய பங்கு மாற்றுப் பத்திரம்தான் என்னை உட்கார விடவில்லை.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கேள்வியைத் திருப்பிச் சொல்லச் சொன்ன பழக்கம். நீ வேலை பார்க்கும் கம்பெனி, கருவிகள் செய்யும் உன் பிரிவைத் தனியாக வெட்டி எடுத்து அதைப் புதுக் கம்பெனியாக்கிவிட்டது. அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் உன் பேரிலும் ஸ்டெல்லா பேரிலும் சேர்த்து வாங்கி வைத்த பங்குகள் அப்படியே இருக்கின்றன. அவற்றோடு, நான்கு பழைய பங்குக்கு ஒன்று என்ற கணக்கில் புதுக் கம்பெனியின் பங்குகளும் இனாமாக வந்திருக்கின்றன. அவையும் உங்கள் இருவர் பேரிலும்தான். இப்போது நீ சொல்வது, பழைய கம்பெனி பெரியது, பலமானது, அது ஸ்டெல்லாவுக்கு இருக்கட்டும். புதியது எப்படிப் போகுமோ தெரியாது, அந்த ஆபத்து என்னோடு போகட்டும். அவளுக்கு நாளைக்குக் கல்யாணம் என்று வந்தால் கையில் கெட்டியாக ஒன்று இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். படித்ததும் கண் கலங்கியது உண்மை. கலங்கிய கண்ணோடு மடித்து வைத்ததைக் கொஞ்ச நேரத்தில் மறுபடி பிரித்துப் பயத்தோடு படித்ததும் உண்மை.

ஸ்டெல்லா அன்றைக்கே கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டாள். "அண்ணன் நல்லதுக்குத்தானே சொல்லுது, நான் போட்டுடறேன்" என்றாள். நான் பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். "என்னம்மா நீங்க, பெரிசு எனக்குத்தானே வருது, நீங்க எதுக்கு வழிமறிக்கிறீங்க" என்று சிரித்தாள். "உங்கண்ணன் நல்லவன்டி, அதான் பயமா இருக்குது" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உனக்கும் புரியாது. மாரண்டஹள்ளிப் பெரியப்பா நம் வீட்டுக்கு ஏன் வருவதில்லை என்று நீ சின்ன வயதில் கேட்டபோதெல்லாம் அப்பா பேச்சை மாற்றிவிடுவார். அவர் மாற்றிய பேச்சை நான் இன்றைக்கு எடுக்கிறேன்.

கால்வாய் வெட்ட உன் தாத்தாவின் நிலத்தில் ஒரு பகுதியைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. அதற்குக் கிடைத்த நஷ்டஈட்டை என்ன செய்வது என்று அண்ணன் தம்பி இருவரும் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், சேலத்துப் பக்கம் புதிதாக வந்த ஒரு நூற்பாலைக்காரர்கள் பருத்தி போடும் ஊர்களாகப் பார்த்து ஆள் அனுப்பிப் பங்கு விற்றார்கள். பெரியப்பாவும் அப்பாவும் கூட்டுப் பேரில் வாங்கினார்கள். அந்த மில்லுக்குள்ளேயே பம்ப் செட் வார்க்கும் ஒரு பட்டறையும் இருந்தது. நம் மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி ஜில்லாவான பிறகு, அறுபதுகளின் கடைசியில், மில் முதலாளிகள் அந்தப் பட்டறையைத் தனிக் கம்பெனியாக்கினார்கள். இன்றைக்கு உன் கம்பெனி செய்திருப்பதுதான் அது. வந்த நோட்டீஸ் இங்கிலீஷில் இருந்ததால் பெரியப்பா அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறித் தருமபுரிக்கு வந்தார்.

நான் படித்துச் சொன்னேன். பழைய பங்கு கையில் இருக்கும், அதோடு புதியதும் வரும், ஒன்றாக இருந்த சொத்து இரண்டு பேரில் நிற்கப்போகிறது, அவ்வளவுதான் என்றேன். பெரியப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அப்பிடீன்னா மொதலாளி வூட்ல பாகம் பிரிச்சாச்சு" என்றார். "பெரியவன் பழைய வூட்ட எடுத்துக்கிட்டான், சின்னவன் தனிக்குடித்தனம் போயிட்டான். அதோட நாமளும் பிரிச்சிக்கலாம்டா தம்பி. எத்தன நாளைக்கி ஒரே காயிதத்துல ரெண்டு பேரு போட்டுக்கிட்டு இருக்கிறது."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "மாமா, பிரிக்கிறதுன்னா ரெண்டுலயும் பாதிப் பாதியா எடுத்துக்குங்க. மில்லுல பாதி, பம்ப்புல பாதி" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, இரக்கம்தான் இருந்தது. "டீச்சரம்மா, அது பாகமில்ல, கூட்டு. ஒரு கெணத்துல ரெண்டு மோட்டாரு எறக்கின வூட்ல சண்ட வராம இருந்து நீ பாத்திருக்கியா? பிரிச்சா கெணறு ஒருத்தனுக்கு, மேட்டுநெலம் ஒருத்தனுக்கு. அவனவன் பொழப்ப அவனவன் பாத்துக்கிட்டாத்தான் அண்ணந் தம்பியா இருக்க முடியும்." அப்பாவும் தலையாட்டினார். நம் பக்கத்தில் நிலம் பிரிக்கிற முறைதான் உனக்குத் தெரியுமே, மூத்தவன் கூறு வைப்பான், இளையவன் முதலில் எடுப்பான். பெரியப்பா அப்படியே கூறு வைத்தார். ஒரு பக்கம் மில் பங்கு. இன்னொரு பக்கம் பம்ப் பங்கு, அது கொஞ்சம் எடை குறைகிறதே என்று களத்து மேட்டுப் புளியமரத்தையும் அதோடு சேர்த்தார். பங்குச் சந்தையில் புளியமரத்தை வைத்து எடை சரிசெய்தவர் இந்தத் தேசத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். அப்பா, அண்ணனுக்குப் பெரியது போகட்டும் என்று நினைத்து, பம்ப்பையும் புளியமரத்தையும் எடுத்தார். நம் கோவிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு பேரும் அடுத்தவருக்கு நல்லதையே நினைத்தார்கள் என்பதை நீ மனதில் வைத்துக்கொள். இந்தக் கதையில் கெட்டவர் ஒருவரும் இல்லை.

பிறகு நடந்ததைச் சொல்வதற்கு முன் ஒரு பாடம் நடத்தாமல் என்னால் முடியாது, பொறுத்துக்கொள். சினை மாடு ஒன்றைச் சந்தையில் ஒருவன் பேசி வாங்குகிறான் என்று வை. அவன் கொடுக்கும் விலையில் மாட்டுக்கும் விலை இருக்கிறது, வயிற்றுக் கன்றுக்கும் விலை இருக்கிறது. கன்று போட்டபிறகு அதே மாட்டைத் தனியாகச் சந்தைக்கு ஓட்டினால் விலை குறைவாகத்தான் கேட்பார்கள். அதனால் மாட்டுக்காரன் நஷ்டப்பட்டான் என்று யாரும் சொல்வதில்லை, கன்று அவன் கொட்டகையில் துள்ளிக்கொண்டிருக்கிறதே. கம்பெனி பிரிகிறபோதும் அதுதான். இன்ன தேதிக்குப் பிறகு பழைய பங்கை வாங்குகிறவனுக்குப் புதுப் பங்கு கிடையாது என்று கம்பெனி ஒரு நாள் குறிக்கும். அந்த நாளில் பழைய பங்கின் விலை இறங்கியே தீரும். இறங்கியது எங்கேயும் போய்விடவில்லை, புதுப் பங்காக நம் கைக்கு வந்திருக்கிறது.

மில் பங்கின் விலை அப்படி இறங்கிய செய்தி பேப்பரில் வந்ததும் பெரியப்பா வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்னம்மா டீச்சரு, சடக்குன்னு வுழுந்துட்டுதே, கம்பெனியே போச்சா?" என்றார். நான் மாட்டையும் கன்றையும் சொன்னேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல அழகாகத்தான் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "சரிம்மா, கன்னு எங்க இருக்குது?" என்றார். நான் அவசரமாகக் காபியை எடுத்து நீட்டினேன். "கன்னு உங்க கொட்டாயில இல்ல நிக்குது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு அவர் காபியைக் குடித்து முடிக்காமல் எழுந்து போனதை நான் பார்த்தேன்.

என் உதாரணத்தில் ஒரு தவறும் இல்லை, லூர்து. இரண்டும் ஒரே கையில் இருக்கும்வரை அது சரி. அவர்கள் மாட்டை ஒரு வீட்டிலும் கன்றை இன்னொரு வீட்டிலும் கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு, இங்கே இறங்கியது அங்கே இருக்கிறது என்ற ஆறுதல் ஆறுதலாக இல்லை, குற்றச்சாட்டாகிவிட்டது.

சில மாதத்தில் பம்ப் பங்கும் இறங்கியது. இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உன் புதுக் கம்பெனிக்கும் இது வரலாம். கேட்காமல் கைக்கு வந்த பொருளை மனிதர்கள் மதிப்பதில்லை. நான் மில்லுக்காகத்தான் பணம் போட்டேன், இந்த இரும்புப் பட்டறை எனக்கு எதற்கு என்று ஊர் ஊராக விற்றார்கள். விற்பவன் அதிகமானால் விலை விழும், பட்டறையில் வேலை நன்றாக நடந்தாலும் விழும். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பேப்பர் கட்டு இறங்கும்வரை நின்று, அங்கேயே பிரித்துப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார். அப்போது பெரியப்பா மறுபடி சந்தோஷமாக வர ஆரம்பித்தார். "என்னடா, கன்னுக்குக் கழிச்சலா?" என்று தம்பியைக் கிண்டல் செய்வார். அப்பாவும் சிரிப்பார். ஒருவர் விலை விழுந்தால்தான் இன்னொருவர் வீட்டுக்கு வர முடிகிறது என்று எனக்கு அப்போதே உறைத்தது. விற்றுவிடலாம் என்று அப்பா துடித்தார். விற்பவர்கள் ஏன் விற்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பட்டறை கெட்டதால் விற்கிறார்களா, வேண்டாம் என்பதால் விற்கிறார்களா என்று நான் பிடித்து நிறுத்தினேன்.

அப்புறம் கிணற்றுக்குக் கிணறு கரண்ட் வந்தது. பம்ப் செட்டுக்கு ஆளாளுக்கு முன்பணம் கட்டிக் காத்திருந்தார்கள். பங்கு விலை நிமிர்ந்தது, பிறகு நிற்கவேயில்லை. அப்பா கம்பைநல்லூர் விற்பனைச் சங்கத்தில் வேலை பார்த்தபோது சொல்லுவார், கொட்டையோடு இருக்கும் புளிக்கு ஒரு விலைதான். தட்டிக் கொட்டையை எடுத்துவிட்டால் புளிக்கு நல்ல விலை, நூலுக்குக் கஞ்சி போடக் கொட்டையையும் தனியாக வாங்கிப் போவார்கள் என்று. ஒட்டிக் கிடந்தபோது தெரியாத மதிப்பு தனித்தனியாக வைத்ததும் தெரிகிறது. பட்டறைக்கு அது நடந்தது. மில்லுக்கு நடக்கவில்லை. காரணம் நோட்டீசின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. மிஷின் வாங்கிய கடன் முழுவதையும் மில்லின் தலையிலேயே விட்டுவிட்டு, பட்டறையைச் சுத்தமாக அனுப்பியிருந்தார்கள். கரண்ட் வெட்டு, பஞ்சு விலை, ஸ்டிரைக் எல்லாம் வந்தபோது அந்தக் கடன் மில்லை எழுந்திருக்க விடவில்லை. லாபப் பங்கு நின்றது. ஒரு கம்பெனி பிரியும்போது சொத்து யாருக்கு என்று எல்லாரும் பார்ப்பார்கள், கடன் யாருக்கு என்று நீ பார்.

அந்தப் பின்பக்கத்தையும் பாகம் பிரித்த அன்றைக்கே நான் அவர்களுக்குப் படித்துத்தான் காட்டினேன். "பெரிய வூடுன்னா கடன் இல்லாம இருக்குமா" என்று பெரியப்பா அதை ஒதுக்கினார். ஆனால் விலை ஏறிய பிறகு அவருக்கு ஞாபகத்தில் நின்றது ஒன்றுதான், இங்கிலீஷ் படித்தவள் இந்த வீட்டில் இருந்தாள். கோவில் திருவிழாவில் தேர் முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது யாரோ அவரிடம் மில் பங்கைப் பற்றி விசாரித்தார்கள். "எனக்கென்னங்க தெரியும், எந்தம்பி பொஞ்சாதிதான் கணக்கு டீச்சரு, எந்தப் பக்கம் கூடும்னு அவங்களுக்குத்தான் தெரியும்" என்றார், நான் கேட்கும் தூரத்தில். அப்பா எழுந்து நின்று, "அண்ணா, இப்பவே பாதி எழுதித் தர்றேன், எந்திரிங்க போலாம்" என்றார். "பிரிச்சது பிரிச்சதுதான்டா. எங்கையால கூறு வச்சேன், அத மாத்திக் கேக்கற அளவுக்கு நான் எறங்கிப் போவல" என்றார் பெரியப்பா. அந்த வருஷம் அப்பா அனுப்பிய புளி மூட்டை அவிழ்க்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வந்தது. நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாய். அப்பா இறந்தபோது பெரியப்பா வந்தார், கல்லறையில் மண் போட்டார், நம் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போனார்.

இப்போது உன் பத்திரத்தைப் பார். நீ கூறு வைத்திருக்கிறாய். ஸ்டெல்லாவுக்குப் பெரியது. அது கடன் சுமந்துகொண்டிருக்கும் பெரியதா என்று பார்த்தாயா? நாளைக்கு உன் புதுக் கம்பெனி பம்ப் மாதிரி ஏறினால், நீ அங்கேயே வேலை செய்தவன், உள்விஷயம் தெரிந்து எடுத்துக்கொண்டான் என்று சொல்ல ஊரில் ஆள் இருக்கும். ஸ்டெல்லா சொல்ல மாட்டாள். அவளுக்கு வரப்போகும் புருஷன் சொல்லலாம், அவன் வீட்டார் சொல்லலாம். புதியது படுத்துவிட்டால், தியாகம் செய்தேன் என்று நீ சொல்ல மாட்டாய், ஆனால் உன் மனைவி ஒரு நாள் சொல்லுவாள். அதோடு, உன் சம்பளமும் அந்தக் கம்பெனியில், சேமிப்பும் அந்தக் கம்பெனியில் என்றால் அதற்கு ஒரு காய்ச்சல் வந்தால் உன் குடும்பம் முழுவதும் படுக்க வேண்டியதுதான். இதைக் கணக்கு டீச்சராகச் சொல்கிறேன். முன்னால் சொன்னதை அம்மாவாகச் சொல்கிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோவிலை விட்டு வெளியே வந்தவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மாரண்டஹள்ளி பஸ்ஸில் ஏறிவிட்டேன். எதற்குப் போகிறேன் என்று பாலக்கோடு தாண்டும்வரை எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. தக்காளி மண்டியில் பெரியப்பா கூடைகளை எண்ணிக்கொண்டிருந்தார். நன்றாகத் தளர்ந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "யாராச்சும் சீக்கா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, உன் கடிதத்தின் விஷயத்தைச் சொன்னேன். தங்கச்சிக்குப் பெரியதை விட்டுக் கொடுக்கிறான் என்றதும், "பையன் தங்கமா வளந்திருக்கிறான்" என்றார். "நீங்களும் தங்கமாத்தான் கூறு வச்சீங்க மாமா" என்றேன். அவர் கூடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு கூடையை எண்ணித் தள்ளிவிட்டு, "நீ என்ன சொல்ற, அதே பாதிப் பாதியா?" என்றார்.

"ஆமாங்க."

"பாதிப் பாதின்னா எப்ப விக்கிறது, எப்ப வெச்சிருக்கிறது, எது எறங்குச்சு, எது ஏறுச்சுன்னு ரெண்டு பேரும் தெனமும் பேசிக்கிட்டே இல்ல கெடக்கணும்."

"அதுக்குத்தாங்க மாமா."

அவர் மண்டிக்காரரிடம் எனக்கு ஒரு காபி வாங்கிவரச் சொன்னார். பஸ்ஸுக்கு என்னோடு நடந்து வந்தார், அவர் வரவேண்டிய அவசியமில்லை. பஸ் கிளம்பும்போது ஜன்னல் ஓரம் வந்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "மில்லு பங்கு இப்ப என்ன வெலைக்குப் போவுது?" என்றார். "இன்னமா வெச்சிருக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டேன். "வித்துட்டா அப்புறம் எதப் பத்திம்மா உங்கிட்ட கோவமா இருக்கிறது" என்றார். பஸ் நகர்ந்துவிட்டது. அவர் சிரித்தாரா என்று எட்டிப் பார்த்தேன், கூட்டத்தில் தெரியவில்லை.

லூர்து, நீ அனுப்பிய பத்திரத்தைத் திருப்பி அனுப்புகிறேன். ஸ்டெல்லா அதில் கையெழுத்துப் போடவில்லை. கூடவே நான் எழுதிய வேறு பத்திரங்கள் வைத்திருக்கிறேன், பழையதில் உனக்குப் பாதி அவளுக்குப் பாதி, புதியதிலும் அப்படியே. இவற்றில் அவள் போட்டுவிட்டாள். போடும்போது, "அப்ப அண்ணன் கம்பெனி என்ன வெலன்னு நானும் பேப்பர் பாக்கணுமா" என்று சலித்துக்கொண்டாள். பாக்கணும் என்றேன். அப்படியானால் வாரத்துக்கு ஒரு தரமாவது அண்ணன் காயிதம் போட்டு விளக்கம் சொல்லணும், தனக்கு இதெல்லாம் புரியாது என்று உன்னிடம் எழுதச் சொன்னாள். நீ ஒத்துக்கொள்ளாவிட்டால் தபாலில் மறுக்காதே. நேரே வந்து என்னோடு சண்டை போடு, வீட்டில்தான் இருப்பேன். ஒத்துக்கொண்டால் அவள் பேருக்குப் பக்கத்தில் உன் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

உன் அம்மா